தரையோடு தரையாகப் படுத்து வாத்தைப் படம் எடுப்பது: மறைவிடம் எங்கே, எப்படி?

கண்மாய்க்கரை | ஜனவரி 4, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் இந்த வருடம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. இப்போது தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புள்ளிமூக்கு வாத்து, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் கிடக்கின்றன. என்னிடம் இருப்பது 150-600 மி.மீ. லென்ஸ், சிறிய சென்சார் கேமரா. கரை மேல் நின்று எடுத்தால் எல்லாப் படத்திலும் முதுகுதான் தெரிகிறது, பின்னால் கலங்கல் தண்ணீர். பறவையின் கண் மட்டத்தில், கிட்டத்தில் எடுக்க ஆசை.

போன வாரம் இலை அச்சடித்த ரெடிமேட் கூடாரம் ஒன்று வாங்கி, காலை 7 மணிக்கு மேற்குப் பக்கத் தண்ணீர் ஓரத்தில் விரித்து உள்ளே உட்கார்ந்தேன். பத்தரை வரை ஒரு வாத்துகூட 100 மீட்டருக்குள் வரவில்லை. எல்லாம் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கே தவறு செய்கிறேன்?

இது சரணாலயம் இல்லை. ஊர்ப் பெரியவரிடமும், மீன்பாசி ஏலம் எடுத்தவரிடமும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.


தாமிரபரணி | ஜனவரி 4, இரவு 11.35

தம்பி, ஏலம் எடுத்தவரிடம் சொன்னீர்கள் பாருங்கள், அது நல்ல காரியம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. விடியுமுன் தண்ணீர் ஓரத்தில் ஓர் ஆள் படுத்துக் கிடந்தால் மீன் திருட வந்தவன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். காவல்காரருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி கூடாரத்துக்கு வருவோம். நீங்கள் போனது 7 மணி. அப்போது வாத்துகள் விழித்து, மேய்ந்து, உங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வெட்டவெளியில் ஓர் ஆள் வந்து துணியை விரித்து உள்ளே நுழைவதைப் பார்த்தபிறகு அந்தத் துணியில் என்ன படம் அச்சடித்திருந்தால் என்ன? ஆள் உள்ளே இருக்கிறான் என்பது அவற்றுக்குத் தெரியும். வண்ணம் இரண்டாம் பட்சம், நுழையும் நேரம்தான் முதல். இந்த மாதத்தில் அங்கே சூரியன் எழ 6.35 ஆகும். கிழக்கு வெளுக்கும்போது நீங்கள் உள்ளே படுத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நான் 5.15-க்கு உள்ளே இருப்பேன்.

இரண்டாவது, உயரம். ரெடிமேட் கூடாரம் நாற்காலி போட்டு உட்கார்வதற்குத் தைத்தது, ஆளுயரம் நிற்கும். கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பக்கத்தில், கோரை முழங்கால் உயரம் இருக்குமா? அதற்கு மேல் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்நியப் பொருள்தான். காற்றில் துணி படபடத்தால் இன்னும் மோசம். மறைவிடம் கோரை உயரத்துக்குள் அடங்க வேண்டும், அதாவது நீங்கள் படுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இரண்டு காலை கேமரா இல்லாமல் போங்கள். கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். எங்கே மேய்கின்றன, எங்கே ஏறி இறகு கோதுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறி அவை நகர்ந்தபின் அந்த இடத்துக்கு நடந்து போய்த் தரையைப் பாருங்கள். எச்சமும், உதிர்ந்த சிற்றிறகும், சவ்வுக்கால் தடமும் நெருக்கமாகக் கிடந்தால் அதுதான் அவற்றின் திண்ணை. மறைவிடத்தை அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள். நாம் துரத்திப் போகிற தூரம் எப்போதும் நூறு மீட்டர்தான். அவையாக வருகிற தூரம் ஐந்து மீட்டர்கூட ஆகும்.


வடுவூரான் | ஜனவரி 5, காலை 7.20

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பழைய உத்தி: இரண்டு பேராகப் போவது. ஒருவர் உள்ளே படுக்க, மற்றவர் சாதாரணமாக நடந்து திரும்பிப் போய்விடுவார். வந்த ஆள் போய்விட்டார் என்று பறவைகள் அடங்கிவிடும். நேரம் தவறி வெளிச்சத்தில் போக நேர்ந்தால் இதுதான் வழி. எனக்குப் பலமுறை பலித்திருக்கிறது, காகத்திடம் மட்டும் அவ்வளவாகப் பலிக்கவில்லை.


விரால் | ஜனவரி 5, காலை 8.02

ஈரத்தில் மூன்று மணி நேரம் படுப்பது எப்படி? மார்கழிக் குளிர் வேறு.


வடுவூரான் | ஜனவரி 5, காலை 8.40

கீழே தார்ப்பாய், அதன் மேல் இரண்டு உரச்சாக்குக்குள் வைக்கோல் திணித்துத் தட்டையாக்கியது, அதற்கு மேல் பழைய ஜமுக்காளம். முழங்கைக்கு அடியில் தனியாக ஒரு மடிப்பு. வயிறு ஈரமானால் ஒரு மணி நேரத்தில் நடுக்கம் வந்துவிடும், நடுங்கினால் லென்ஸும் நடுங்கும்.

கேமராவுக்கு முக்காலி வேண்டாம். பழைய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் சோளம் நிரப்பிய துணிப்பை, அதன் மேல் லென்ஸ். தாம்பாளம் சேற்றில் மூழ்காது, சத்தமில்லாமல் இப்படி அப்படித் திருப்பலாம், கொஞ்சம் முன்னே தள்ளவும் செய்யலாம். பளபளப்புத் தெரியாமல் வெளிப்பக்கம் சேற்றைப் பூசிவிடுங்கள். லென்ஸின் நடு, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதும்.


கோரைப்பாய் | ஜனவரி 5, மதியம் 1.15

நான் வீட்டிலேயே செய்துகொள்ளும் மறைவிடத்தைச் சொல்கிறேன். செலவு குறைவு, நான்கு வருடமாக அதே பொருள்தான்.

மூங்கில் சிம்பு ஆறு, ஒவ்வொன்றும் ஏழடி. வளைத்து இரண்டு முனையையும் தரையில் குத்தினால் மாட்டு வண்டிக் கூண்டு மாதிரி வரும். ஆனால் உயரம் இரண்டடிக்குள்தான், ஊர்ந்து நுழைகிற அளவு. அதன் மேல் பழைய சணல் சாக்குகளைப் பிரித்துத் தைத்த போர்வை. சாக்கு நனைந்தால் கனத்துப் படிந்துகொள்ளும், படபடக்காது, மினுங்காது. நைலான் துணி எந்த நிறமானாலும் காலை வெயிலில் மினுங்கும். சாக்கின் கண்களில் அந்த இடத்துக் கோரையையே செருக வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்த தழை இரண்டாம் நாள் வாடி நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். கோரையை வேரோடு பிடுங்காமல் காய்ந்ததைப் பொறுக்கினாலே போதும்.

முன்பக்க ஓட்டை லென்ஸ் நுழைகிற அளவு மட்டும். அதைச் சுற்றி, தேயிலைத் தண்ணீரில் முக்கி நிறம் மாற்றிய கொசுவலைத் துண்டு தொங்கும். முக்கியமான இன்னொன்று, உங்கள் முதுகுப் பக்கம் முழுக்க இருட்டாக இருக்க வேண்டும். பின்னால் ஓர் இடுக்கு வழியாக வெளிச்சம் விழுந்தால் முன்பக்கம் உங்கள் தலை நிழலாகத் தெரியும், நீங்கள் அசைவதும் தெரியும். பின்பக்கத்துக்கு இரட்டைச் சாக்கு போடுங்கள். உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை. வெள்ளை உள்ளங்கை அசைவது போல வாத்தை விரட்டுவது வேறில்லை.

கூண்டை ஒரு வாரம் முன்பே அங்கே நட்டு வைத்துவிட்டு வந்துவிடுங்கள், உள்ளே யாரும் போக வேண்டாம். நான்காம் நாள் மடையான் கொக்கு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கூண்டை ஊர் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.


கண்மாய்க்கரை | ஜனவரி 5, இரவு 8.50

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்று கேமரா இல்லாமல் போய்ப் பார்த்தேன். மேற்கு உள்வாயில் ஆழமில்லாத இடத்தில்தான் மேய்ச்சல், எச்சமும் அங்கேதான் கிடந்தது. ஆனால் அங்கே மேற்குக் கரையில் படுத்துக் கிழக்கே பார்த்தால் காலை வெயில் நேரே லென்ஸுக்குள் விழுகிறது. என்ன செய்வது?


தாமிரபரணி | ஜனவரி 5, இரவு 10.25

இது நம் ஊர்க் கண்மாய்களின் அமைப்பினால் வருவது, உங்களுக்கு மட்டும் இல்லை. நிலம் கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களில் கரை கிழக்கே பிறை மாதிரி வளைந்திருக்கும், மடையும் ஆழமும் அந்தப் பக்கம். தண்ணீர் வருகிற மேற்குப் பக்கம் மெலிந்து மெலிந்து புல்வெளியில் முடியும். வாத்து மேய்வது அந்த முழங்கால் ஆழத்தில். தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிக்கொண்டு அலகு எட்டுகிற ஆழம்தான் அதற்கு வேண்டும். ஆக, பறவை மேற்கே, காலை வெயில் கிழக்கே.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அதே மேற்கு உள்வாயில் சாயங்காலம் படுப்பது. மூன்று மணிக்கே உள்ளே போய்விட வேண்டும், வெயில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். இதில் ஒரு குறை உண்டு. இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து. வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எழும்பும். மேற்கிலிருந்து பார்க்கும் உங்களுக்கு இறங்குகிற வாத்தின் பின்பக்கமே கிடைக்கும். மேய்வதையும் இறகு கோதுவதையும் எடுக்க அது தடை இல்லை.

இன்னொன்று, பிறையின் தென்முனை. கரை வளைந்து மேற்கே திரும்பித் தேய்ந்து முடிகிற இடத்தில் ஆழமும் குறைவாகத்தான் இருக்கும். அங்கே படுத்து வடமேற்கைப் பாருங்கள். தை மாதச் சூரியன் தென்கிழக்கில் சாய்ந்து எழுவதால் வெயில் உங்கள் முதுகில் விழும். காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். இறங்குகிற வாத்து முழு நீளமும் பக்கவாட்டில், சிறகு விரித்து, காலை முன்னே நீட்டிக்கொண்டு வரும். என் பெட்டியில் இருக்கும் நல்ல படங்களில் பாதி இப்படிப்பட்ட தென்முனைகளில் எடுத்தவை.

கரையின் கீழே மட்டும் கவனம். கருங்கல் அடுக்கு இடுக்கில் கண்ணாடி விரியன் கிடக்கும். இருட்டில் போகிறீர்கள். டார்ச்சைத் தரையில் அடித்து, கணுக்கால் மூடிய பூட்ஸ் போட்டு, படுக்கிற இடத்தைக் கம்பால் தட்டிவிட்டுப் படுங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.


நாமக்கோழி | ஜனவரி 6, காலை 6.55

நான் சென்னை. பள்ளிக்கரணையிலும் தெற்கே உள்ள ஏரிகளிலும் பத்து வருடமாக எடுக்கிறேன். மறைவிடத்துக்குள் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எழுதலாம் என்று தோன்றியது. அங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

முதல் பறவை வந்ததும் எடுக்காதீர்கள். வரட்டும், மேயட்டும், நான்கைந்து சேரட்டும். முதல் சத்தத்துக்கு அது விருட்டென்று எழும்பினால் பின்னால் வருகிற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் நின்று மேய்கிற பறவைக்கு அதையே போடுங்கள். சிறகடிக்கிற பறவைக்கு மட்டும் யோசியுங்கள். சென்சார் மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் சிறகு ரப்பர் மாதிரி வளைந்து பதிவாகும்.

ஒரு கூட்டம் தூங்குகிறதென்றால் ஓரத்தில் இருப்பதைப் பாருங்கள். நடுவில் இருப்பவை இரண்டு கண்ணையும் மூடியிருக்கும். ஓரத்து வாத்து வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும், மூளையில் ஒரு பாதி மட்டும் தூங்கும். காட்டு வாத்துகளில் இதை 1999-லேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். நம்மைக் காவல் காப்பது அந்த ஒரு கண்தான். அந்தக் கண் இமைத்து இமைத்து மூட ஆரம்பித்தால் மறைவிடம் வேலை செய்கிறது. கழுத்து நேரே நிமிர்ந்தால், மேய்ச்சல் நின்றால், ஒன்றிரண்டு தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தால், அவை கிளம்பப் போகின்றன. அப்போது விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே கிடங்கள். ஒரு நிமிடத்தில் கழுத்து இறங்கிவிடும்.

எனக்கு மறக்காத காலை ஒன்று. பிப்ரவரி, ஆண் நீலச்சிறகிக்கு அந்த வெள்ளைப் புருவம் முழுதாக வந்து சேர்ந்திருந்த சமயம். ஒன்று நேராக என்னைப் பார்த்து நீந்தி வந்தது. ஐந்து மீட்டர், நான்கு மீட்டர். லென்ஸுக்கே கிட்டத்தில் குவிய முடியவில்லை. நான் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்துவிட்டு வலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அலகைத் தண்ணீரில் பாதி ஆழ்த்தி, வாயைச் சின்னதாகத் திறந்து திறந்து மூடி, தண்ணீரை வடிகட்டிக்கொண்டே வந்தது. அந்த ஓசை, நாய்க்குட்டி பால் நக்குகிற மாதிரி, இடைவிடாமல். அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. தலையில் உருண்ட தண்ணீர்த் துளி கழுத்து வரை வந்து, நனைக்காமலே உதிர்ந்தது. படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஓசை கேட்ட பிறகு அந்தப் பறவையை எடுக்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. அலகு தண்ணீரைத் தொடும் அந்த வரிக்காகக் காத்திருக்கிறேன் இப்போதெல்லாம்.

இன்னொன்று, ஆள்காட்டிக் குருவி. வாத்து உங்களைக் காணாவிட்டாலும் ஆள்காட்டி கண்டுவிடும், கண்டால் ஏரி முழுவதுக்கும் சொல்லிவிடும். அது குஞ்சோ முட்டையோ வைத்திருக்கும் மேட்டுக்குப் பக்கத்தில் மறைவிடம் போடவே கூடாது.


மன்னார்த்தீவு | ஜனவரி 6, மாலை 5.30

வணக்கம். நான் இலங்கையில் மன்னாரில் இருக்கிறேன். எங்களுக்கு வங்காலைப் பக்கம் உவர் நிலமும் சேற்று வெளியும்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010-இல் சேர்ந்த இடம். ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வரும். ஒரு புல் பூண்டு இல்லை, மறைவதற்கு ஒன்றுமே இல்லை. சேற்று நிறத்தில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு தட்டையாகக் கிடப்பதுதான் எங்கள் மறைவிடம். உயரமே இல்லாவிட்டால் உருவமும் இல்லை.

வெட்டவெளியில் எங்களுக்கு எதிரி கானல். வெயில் ஏறி எட்டரை தாண்டினால் தரைக்கு ஒட்டிய காற்று அலையத் தொடங்கும். தரையோடு படுத்திருப்பதால் அந்த அலைவுக்குள்ளேதான் லென்ஸும் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்த கமராவானாலும் நாற்பது மீட்டரில் இறகு கரைந்த மாதிரித்தான் வரும். குவியம் தவறிவிட்டது என்று பலர் லென்ஸைத் திருத்தக் கொடுக்கிறார்கள். நானும் ஒருமுறை கொடுத்தேன். ஒரு மாதம் வைத்திருந்து காசும் வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பித் தந்தார்கள். லென்ஸில் பழுதே இருக்கவில்லை. கானலுக்கு ஒரே மருந்து தூரத்தைக் குறைப்பது. பத்து மீட்டருக்குள் பறவை இருந்தால் ஒன்பதரை வரைக்கும் எடுக்கலாம். வாடைக்காற்று பலமாக வீசுகிற, மேகம் மூடிய நாளில் நாள் முழுக்க எடுக்கலாம்.


விரால் | ஜனவரி 6, இரவு 9.15

லாரி டியூப் மேல் பலகை கட்டி, மேலே கூண்டு வைத்து, இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டே போகிற மிதவை மறைவிடம் பற்றி யாரும் சொல்லவில்லையே? வெளிநாட்டில் நிறையப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். நம் கண்மாய்களில் தெர்மாகோல் மிதவையில் மீன்பிடிக்கிறவர்கள் போகும்போது வாத்துகள் பெரிதாக அசைவதில்லை. அப்போது நாமும் போகலாம்தானே? கேமரா தண்ணீரிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கும், அதைவிடத் தாழ்வு வேறெதிலும் கிடைக்காது.


தாமிரபரணி | ஜனவரி 6, இரவு 11.00

கிடைக்கும் படம் அருமையாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நம் கண்மாயில் தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டல் மண் எடுக்க ஜேசிபி விட்ட குழிகள் எங்கே இருக்கின்றன என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பீர்கள், அடுத்த அடி பத்தடி ஆழம், பக்கச் சுவர் செங்குத்து, அடியில் களி. உடம்பைச் சுற்றிக் கூண்டும் கயிறும். நீச்சல் தெரிந்தவனே ஏற முடியாது. கோடையில் கண்மாய் வற்றியபோது அந்தக் குழிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.


நாமக்கோழி | ஜனவரி 7, காலை 6.30

அண்ணா சொன்னது ஆளுக்கான ஆபத்து. பறவைக்கானதையும் சொல்கிறேன். படுத்துக் கிடக்கிற மறைவிடத்தில் எவ்வளவு நெருங்குவது என்று முடிவு செய்வது பறவை. மிதவையில் முடிவு செய்வது நாம். இன்னும் ஒரு மீட்டர், இன்னும் ஒரு மீட்டர் என்று போய்க்கொண்டே இருப்போம். பெரிய ஏரியில் அவை ஒதுங்கிக்கொள்ள இடம் உண்டு. சின்னக் கண்மாயில் எங்கே ஒதுங்கும்? அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். சைபீரியப் பக்கத்திலிருந்து வந்து மார்ச்சில் திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிற பறவை அது. மீன்பிடிக்கிறவர் மிதவை வேறு: அவர் தினமும் வருகிறார், வலையைப் பார்க்கிறார், போகிறார். அவர் வாத்தைப் பார்ப்பதில்லை. பார்வை தன் மேல் நிலைத்திருக்கிறதா என்பதைப் பறவைகள் கவனிக்கின்றன.


விரால் | ஜனவரி 7, காலை 7.10

சரி, அக்கா. குழி விஷயம் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. விட்டுவிடுகிறேன்.


தாமிரபரணி | ஜனவரி 7, காலை 9.45

பறவைகள் நம் பார்வையைக் கவனிப்பதைத் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் கண்ணாலே பார்க்கலாம். மஞ்சள்மூக்கு நாரை வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். கீழே பெண்கள் கோலம் போடுவார்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள், அது அசையாது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து நின்று லென்ஸைத் தூக்கினால் கழுத்து நிமிரும்.

எருமைக்கும் அப்படித்தான். எருமை தண்ணீரில் இறங்கினால் வாத்து இரண்டடி விலகும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் நூறு வருடத்துக்கும் முன்னால், பாடம் செய்த மாட்டுத் தோலுக்குள் ஆளும் கேமராவும் புகுந்து நின்று பறவைகளை எடுத்தார்கள். அந்த யோசனையின் வேர் இதுதான். நம்மிடம் உயிருள்ள எருமையே இருக்கிறது. மேய்ப்பவரிடம் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வரும்போது உதவும்.

வெளியே வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முந்நூறு வாத்து சுற்றி மேய்ந்துகொண்டிருக்கும்போது புதரிலிருந்து மனிதன் எழுந்து நின்றால், மறுநாள் அந்தப் புதரை ஒன்றுகூட நம்பாது. ஒன்பதரைக்கு எருமைகள் இறங்கும், வாத்துகள் தாமாக ஒதுங்கும், அந்த நேரத்தில் பின்பக்கமாக ஊர்ந்து வெளியேறுங்கள்.


லென்ஸ்பித்து | ஜனவரி 7, இரவு 8.20

கேமரா அமைப்பு பற்றி நான். 600 மி.மீ., எஃப் 6.3 (லென்ஸ் துவார எண்), சிறிய சென்சார், பறவை 8 மீட்டரில் என்றால் துல்லியமாக விழும் ஆழம் கணக்குப்படி சுமார் நாலரை செ.மீ.தான். புள்ளிமூக்கு வாத்து நேரே உங்களைப் பார்த்தால் கண்ணுக்கும் அலகு நுனிக்கும் இடையே அதைவிட இரு மடங்கு இருக்கும். கண் துல்லியம், அலகின் மஞ்சள் நுனி கரைசல். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் எஃப் 9-க்குப் போங்கள். தாழ்ந்து படுத்திருந்தால் பின்னணி ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும், எஃப் 9-லும் வெண்ணெய் மாதிரி உருகிவிடும். கரை மேலிருந்து எடுக்கும்போது பறவைக்குப் பின்னாலேயே தண்ணீர் இருப்பதால்தான் உங்கள் பழைய படங்களில் பின்னணி கலங்கலாகக் கிடந்தது.

மேய்கிற வாத்துக்கு ஷட்டர் 1/500 வினாடி போதும், சிறகு உதறும்போது 1/2000-க்கு மேல் வேண்டும். அது குளித்து முடித்ததும் நிமிர்ந்து உதறும், அப்போது தயாராக இருங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) தானாக ஏறட்டும். வெள்ளைக் கொக்கு குறுக்கே வந்தால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி. கோரைக்குள் நீலத்தாழைக்கோழி கூடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் மறைவிடம் போட்டால் நிச்சயம் வரும்தானே?


கோரைப்பாய் | ஜனவரி 7, இரவு 9.00

நிச்சயம் வரும். அதனால்தான் போடக் கூடாது. வேறு எங்கும் போக முடியாததால் அது வருகிறது. நீங்கள் கோரையை மிதித்துப் போகிற தடத்திலேயே நாயும் கீரியும் போகும். நீங்கள் ஒதுக்கிய ஒரு கீற்று இடுக்கு காகத்துக்குப் போதும். தாய் அரை மணி நேரம் விலகினால் நம் வெயிலில் முட்டை வெந்துவிடும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதையே வேட்டை என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. பல போட்டிகளில் கூட்டுப் படத்தை எடுத்துக்கொள்வதே இல்லை.

குஞ்சு பொரித்துத் தண்ணீருக்கு வந்தபின், தாயாகக் கூட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வந்தால் தாராளமாக எடுங்கள்.


லென்ஸ்பித்து | ஜனவரி 7, இரவு 9.40

சரி, புரிந்தது. இவ்வளவு யோசிக்கவில்லை. அந்தப் பக்கம் இனி போக மாட்டேன்.


வடுவூரான் | ஜனவரி 8, காலை 7.00

புதியவர்கள் படித்தால் உதவும் என்று ஒன்று. இங்கே பேசுவது எல்லாம் ஊர்க் கண்மாய்க்கு. வேடந்தாங்கல், கரைவெட்டி, எங்கள் வடுவூர் மாதிரி சரணாலயங்களில் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். பொதுமக்கள் போகிற பாதையைத் தாண்டி மறைவிடம் போடுவது என்ற பேச்சே இல்லை.


கண்மாய்க்கரை | ஜனவரி 19, இரவு 8.30

பதினைந்து நாளாகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

கோரைப்பாய் சொன்ன மாதிரி கூண்டு கட்டினேன். அம்மா சாக்கைத் தைத்துக் கொடுத்தார். தென்முனையில் நட்டுவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பொங்கலுக்கு மறுநாள் முதல் முறை படுத்தேன். ஒன்றும் வரவில்லை. மாட்டுப் பொங்கல் என்பதால் மாடுகளைக் குளிப்பாட்ட ஊரே கண்மாயில் இறங்கிவிட்டது. அடுத்த நாள் நாமக்கோழிகள் மட்டும் வந்தன, பன்னிரண்டு மீட்டரில்.

இன்று மூன்றாம் முறை. 5.10-க்கு உள்ளே. ஆறு மணிக்கு மேல் இருட்டிலேயே பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது, எது என்று தெரியவில்லை. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் புள்ளிமூக்கு வாத்து, தாய், பின்னால் ஏழு குஞ்சுகள். அலகு அடியில் இருக்கிற அந்த இரண்டு சிவப்புப் பொட்டும் லென்ஸ் இல்லாமலே தெரிகிற தூரம். நான் எடுக்கவில்லை. நாமக்கோழி அக்கா சொன்னது நினைவில் இருந்தது. தாய் கழுத்தை நிமிர்த்திக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு முழங்கை மரத்துப்போயிற்று. அப்புறம் அது அலகைத் தண்ணீரில் வைத்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேட்டில் ஏறி, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, வெயிலில் சுருண்டு படுத்தன. கடைசிக் குஞ்சுக்கு இடம் கிடைக்காமல் இரண்டு முறை சுற்றி வந்து, கடைசியில் தாயின் வாலுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

அதன் பிறகுதான் முதல் படம். எஃப் 9, 1/640, ஐஎஸ்ஓ 1600. மொத்தம் 41 எடுத்தேன், தாய் ஒருமுறைகூட நிமிரவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு எருமைகள் வந்தன. தாய் முதலில் தண்ணீரில் இறங்கியது, குஞ்சுகள் வரிசையாக அதன் பின்னால் கோரைக்குள் போயின. நான் பின்பக்கமாக ஊர்ந்து கரை ஏறினேன். மேய்க்கிற தாத்தா மேலே நின்றுகொண்டிருந்தார். "ஏழும் இருக்கா?" என்று கேட்டார். அவர் போன வாரமே எண்ணி வைத்திருக்கிறார்.